சிடி ஏன் ஓடவில்லை?

தென்காசி காசி விசுவநாதர் கோயிலில் இருந்து குற்றாலம் பேரருவிக்குப் போகும் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ஒரு சிடியில் சுருண்டு கிடக்கும் தடத்தை அவிழ்த்து நீட்டினால் அந்தச் சாலை முழுவதற்கும் வந்துவிடும். கணக்கு எளிது. தகவல் பதிந்த வளையம் மையத்தில் இருந்து 25 மில்லிமீட்டரில் தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடிகிறது. அந்த வளையத்தின் பரப்பை, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளியான 1.6 மைக்ரோமீட்டரால் வகுத்தால் 5.38 கிலோமீட்டர் கிடைக்கும். டிவிடியில் அந்த இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர்தான். அதன் தடம் 11 கிலோமீட்டரைத் தாண்டும். அருவிக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்பி வரும் தூரம்.

இந்த நீளம் முழுவதும் அரை மைக்ரோமீட்டர் அகலக் குழிகள். சுழலும் வட்டைத் தொடாமல் அடியில் இருந்து ஓர் ஒளிப்புள்ளி அவற்றைப் படித்துக்கொண்டே போக வேண்டும். அது படிக்காமல் நின்றுவிட்டால் நம் ஊரில் இரண்டே தீர்ப்பு: “சிடி தேஞ்சு போச்சு” அல்லது “லென்ஸ் போச்சு”. முதல் தீர்ப்பில் வட்டு குப்பைக்குப் போகிறது, இரண்டாவதில் டிரைவ். இரண்டுமே பெரும்பாலும் அவசரப்பட்டுச் சொல்லப்படுகின்றன என்பது என் கருத்து. வட்டை உள்ளே தள்ளியதில் இருந்து கோப்பு திரையில் திறப்பது வரை பல படிகள் உண்டு. எந்தப் படியில் தவறியது என்பதை டிரைவே தன் சத்தத்தால் சொல்லிவிடுகிறது. கேட்கத் தெரிந்தால் போதும்.

இதைப் பழைய காலத்துக் கவலை என்று ஒதுக்க முடியாது. தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, கடையநல்லூர் வட்டாரத்து வீடுகளில் பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு கல்யாண ஆல்பமும், அதன் பின்னட்டைப் பையில் இரண்டு மூன்று சிடிகளும் இருக்கும். வீடியோ கேசட் போய் பென்டிரைவ் வருவதற்கு இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்த கல்யாணம், சடங்கு, கிரகப்பிரவேசம் எல்லாம் அந்த வட்டுகளில்தான் இருக்கின்றன. தாத்தா பாட்டி நடந்து வந்து அட்சதை போடும் காட்சி பல வீடுகளில் வேறெங்கும் இல்லை. “அண்ணாச்சி, சிடி எடுக்க மாட்டேங்கு, என்னன்னு பாருங்க” என்று கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர் கொண்டுவருவது அதைத்தான்.

குழியில் விழும் ஒளி

சிடி 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட பாலிகார்பனேட் பிளாஸ்டிக். ஆலையில் அச்சடிக்கும் வட்டில் இந்தப் பிளாஸ்டிக்கின் மேல்முகத்தில் குழிகளைப் பதித்து, அதன்மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு, அதற்கு மேல் பாதுகாப்பு அரக்கு, கடைசியாகப் படமும் பெயரும் என்று அடுக்குகிறார்கள். ஆகவே தகவல் இருப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தில் அல்ல. படம் அச்சிட்ட பக்கத்துக்கு வெகு அருகில், சில மைக்ரோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைப் பார்த்துப் பதறுகிறவர்கள் மேல்பக்கத்தைத் தரையில் உரச வைத்துவிட்டுக் கவலையின்றி இருப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அடிப்பக்கக் கீறல் பலவற்றில் இருந்து மீளலாம். மேல்பக்கத்தில் அலுமினியம் பெயர்ந்தால் அந்த இடத்துத் தகவல் போனது போனதுதான்.

சிடியைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். பிளாஸ்டிக்குக்குள் ஒளியின் வேகம் குறைவதால் அலைநீளம் சுமார் 500 ஆகச் சுருங்குகிறது. குழியின் ஆழம் அதில் ஏறத்தாழ கால் பங்கு. குழிக்குள் போய்த் திரும்பும் ஒளி, பக்கத்துச் சமதளத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைவிட அரை அலை பிந்தி வருகிறது. ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்து இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. உணர்கருவிக்கு வரும் ஒளி மங்குகிறது. குழியின் விளிம்பு வந்தால் 1, மாற்றம் இல்லாத நீளமெல்லாம் 0. பாட்டும் படமும் இந்த மங்கலிலும் வெளிச்சத்திலும்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

திரும்பி வரும் ஒளி மீண்டும் லேசருக்குள்ளேயே போய்விடாமல் உணர்கருவிக்குத் திரும்ப வேண்டும். பல டிரைவ்களில் இதைச் செய்வது கால் அலைத் தகடு என்ற சிறு படிகத் துண்டு. போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை அதைக் கடக்கும் ஒளியின் அதிர்வுத் தளம் 90 டிகிரி திரும்பிவிடுகிறது. ஒளியைப் பிரிக்கும் கண்ணாடி அதை அடையாளம் கண்டு வேறு பக்கம் அனுப்புகிறது. சாதாரணத் தகடு ஒரே ஓர் அலைநீளத்துக்குத்தான் சரியாக இருக்கும். பல அலைநீளங்களுக்கும் ஒரேபோல் வேலை செய்யும் தகட்டை எப்படி அடுக்கி உருவாக்கலாம் என்று 1955-இல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் இருந்து எழுதியவர் எஸ். பஞ்சரத்தினம், சர் சி.வி. ராமனின் சகோதரி மகன். அப்போது அவருக்கு 21 வயது. 1969-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இளம் வயதிலேயே இறந்துபோனார். ஒளியியல் படிக்கும் நம் மாணவர்கள் இந்தப் பெயரை இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வட்டு சுழலும்போது அது முழுச் சமதளமாக இருப்பதில்லை. மேலும் கீழும் சில நூறு மைக்ரோமீட்டர் அசைகிறது. லென்ஸோ ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் துல்லியத்தில் குவியத்தைப் பிடித்திருக்க வேண்டும். அதனால் லென்ஸை இறுக்கிப் பொருத்தாமல் மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் சிறு கம்பிச்சுருளும் காந்தமும். ஒலிபெருக்கியை அசைக்கும் அதே விசை லென்ஸை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைக்கிறது. எவ்வளவு அசைக்க வேண்டும் என்பதை எப்படி அறிவது? உணர்கருவியை நான்கு கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு வளைந்த கண்ணாடித் துண்டின் வழியே ஒளி வருகிறது. குவியம் சரியாக இருந்தால் நான்கு கட்டங்களிலும் வட்டமாக விழும். வட்டு கொஞ்சம் நெருங்கினால் ஒரு மூலைவிட்டத்தை ஒட்டி நீள்வட்டம்; விலகினால் மற்ற மூலைவிட்டத்தை ஒட்டி நீள்வட்டம். எதிரெதிர்க் கட்டங்களின் கூட்டுத்தொகைகளைக் கழித்தால் விடை நேர்மறையா எதிர்மறையா என்பதில் இருந்து லென்ஸ் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று தெரிந்துவிடும். நொடிக்குப் பல்லாயிரம் முறை நடக்கும் ஒரு கழித்தல் கணக்கு. 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தபோது வீட்டுக் கூடத்துக்குள் வந்த மிக நுட்பமான இயந்திரம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

காதைக் கொடுங்கள்

அறையை அமைதியாக்கிவிட்டு, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு வட்டை டிரைவில் வையுங்கள். ஆலையில் அச்சான பழைய பாட்டு சிடி சிறந்தது. தட்டு உள்ளே போனதும் வட்டின் நடுவை ஒரு சிறு காந்தப் பிடி பிடிக்கும். லேசர் வண்டி உள்விளிம்புக்கு ஓடும். பிறகு லென்ஸ் குவியம் தேடி இரண்டு மூன்று முறை மேலே போய்க் கீழே வரும். அது ‘டிக் டிக்’ என்று மெல்லக் கேட்கும். குவியம் கிடைத்ததும் வட்டு வேகமெடுக்கும். தடத்தைப் பிடித்து, உள்விளிம்பில் இருக்கும் பொருளடக்கத்தைப் படிக்கும். சிடி கிராமபோனுக்கு நேர்மாறாக உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது.

டிக் டிக் மட்டும் கேட்டு வட்டு சுழலாமலே நின்றுபோனால், அல்லது அரைகுறையாகச் சுற்றி நின்றால், குவியம் கிடைக்கவில்லை. லென்ஸில் அழுக்கு, அல்லது லேசர் மங்கிவிட்டது. வட்டைத் தலைகீழாக வைத்தாலும் இதேதான் நடக்கும். அதை முதலில் பார்த்துவிடுங்கள். சிடி ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை என்றால் வேறு சேதி. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். இரண்டும் ஒரே டிரைவுக்குள் தனித்தனி டையோடுகள். ஒன்று சாக, மற்றது பிழைத்திருப்பது மிகச் சாதாரணம்.

வட்டு வேகமெடுத்து, குறைந்து, மறுபடி வேகமெடுத்து, இப்படியே இரண்டு மூன்று முறை நடந்து நின்றுவிட்டால், குவியம் கிடைத்திருக்கிறது, பொருளடக்கம் கிடைக்கவில்லை. இங்கே ஒரு சோதனை உண்டு. அச்சடித்த வட்டு ஓடி, வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எழுதிய வட்டு மட்டும் ஓடவில்லையா? அச்சடித்த வட்டு விழும் ஒளியில் 70 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். அழித்து எழுதும் வட்டுகள் 15 முதல் 25 விழுக்காடுதான் அனுப்பும். லேசர் வலுவிழக்கும்போது முதலில் கைவிடப்படுவது குறைவாகப் பிரதிபலிக்கும் வட்டுகள். அதாவது, நோய் டிரைவுக்கும் இருக்கலாம். உங்கள் கல்யாண சிடி நலமாகவே இருக்கலாம்.

மூன்றாவது வகை: வட்டின் பெயரும் கோப்புகளின் பட்டியலும் திரையில் தெரிகின்றன, நகலெடுக்கும்போது பாதியில் தொங்குகிறது. பட்டியலுக்கான தகவல் 16-ஆம் பிரிவில் (செக்டர்) தொடங்குகிறது. தடத்தின் முதல் அடியெடுப்பு அது. அங்கே படித்த டிரைவ் வெளிவிளிம்பில் தடுமாறுகிறது என்றால் சந்தேகம் வட்டின் மேல்தான். விரல் பட்டு அழுக்காவதும், வளைந்து அதிகம் ஆடுவதும், எழுதும்போதே தரம் குறைவதும் வெளிவிளிம்பில்தான்.

விளக்கே எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் ஒளியியலைத் தொட வேண்டாம். கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், மின்னிணைப்பைப் பாருங்கள். தட்டு வெளியே வராமல் முனகினால் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். அது மலிவான சாமான். பழைய விண்டோஸில் வட்டு எழுதும் மென்பொருளை நீக்கிய பிறகு டிரைவே காணாமல் போவதும் உண்டு; வேறு கணினியில் மாட்டினால் தெரிந்துவிடும்.

கடையநல்லூர் பக்கம் இன்னொன்றும் நடக்கும். வளைகுடாவில் வேலை பார்ப்பவர் அங்கே வாங்கி வந்த பட டிவிடி இங்கே ஓடாது. டிரைவும் நன்று, வட்டும் நன்று. திரைப்பட நிறுவனங்கள் உலகைப் பகுதிகளாகப் பிரித்து டிவிடிக்குப் பூட்டுப் போட்டன. வளைகுடா 2-ஆம் பகுதி, இந்தியா 5-ஆம் பகுதி. கணினி டிரைவில் பகுதியை 5 முறை மட்டுமே மாற்றலாம்; கடைசியாக வைத்தது அப்படியே நிலைத்துவிடும். காசு கொடுத்து வாங்கியவரை இப்படித் தடுப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சாரல் காலத்து லென்ஸ்

ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாக மலையைத் தாண்டி வருகிறது. குற்றாலத்தில் சாரல். நாள் முழுக்கத் துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும். அதே காற்று கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் போகும்போது ஈரத்தை மலையிலேயே இறக்கி வைத்துவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது. சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரு டிரைவுக்கு ஆகாத இரண்டும் இருக்கின்றன: ஈரமும் தூசியும்.

ஈரம் வேலை செய்யும் விதத்தை ஓர் எண்ணால் பார்க்கலாம். 25 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று 22 டிகிரிக்குச் சற்று மேலேயே நீராகப் படியத் தொடங்கும். 20 டிகிரியில் ஏசி ஓடும் விடுதி அறையில் இருந்தோ காரில் இருந்தோ மடிக்கணினியை வெளியே எடுத்து உடனே வட்டைப் போட்டால், குளிர்ந்திருக்கும் லென்ஸின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் படிகின்றன. ஒளி சிதறுகிறது, குவியம் கிடைப்பதில்லை. காலையில் ஓடியது மாலையில் ஓடவில்லை, மறுநாள் தானே ஓடியது என்று சொல்லப்படும் கதைகளில் பலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கும். செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கணினியை இயக்கி, வட்டு போடாமல் ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் உள்வெப்பத்தில் ஈரம் போய்விடும்.

ஆனால் ஈரத்தோடு தூசியும், சமையலறைப் புகையும், ஊதுபத்தியின் பிசுக்கும் சேர்ந்துவிட்டால் காய்ந்தபின்னும் படலம் நிற்கும். சுழலும் வட்டு காற்றை இழுத்துக்கொண்டே இருப்பதால் இவை லென்ஸைத் தேடி வந்து சேரும். வட்டில் உள்ள தூசியைவிட லென்ஸில் உள்ள தூசி பொல்லாதது. வட்டின் அடிமுகத்தில் ஒளிக்கற்றை முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு அகன்றிருக்கும், 1.2 மில்லிமீட்டர் உள்ளே போனபின்தான் மைக்ரோமீட்டர் புள்ளியாகக் குவிகிறது. அதனால் அடிமுகத்துச் சிறு தூசி அதன் பாதையில் சிறு பங்கை மட்டும் மறைத்து, அடுத்த கணம் கடந்து போய்விடும். லென்ஸில் ஒட்டியதோ எல்லா நேரமும் ஒளியில் ஒரு பங்கைத் தின்றுகொண்டே இருக்கும்.

துடைப்பதற்குச் சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் போதும். மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டுத் திறக்க வேண்டும். பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. கம்பியில் தொங்கும் லென்ஸ் அது. பஞ்சின் எடையே போதும், அழுத்தினால் கம்பி வளையும். நெயில் பாலிஷ் அகற்றும் திரவத்தைத் தப்பித்தவறியும் தொடாதீர்கள், பிளாஸ்டிக் லென்ஸ் வெந்துபோகும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவை ஓடவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பது அதைவிட மோசம். 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத்தான் தெரியும். உண்மையில் அது தெரிவதைவிடப் பல மடங்கு வலுவானது. எழுதும் டிரைவாக இருந்தால் கண்ணின் விழித்திரையையே சுட்டுவிடும்.

லேசரின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகியைத் திருப்பி மின்னோட்டத்தைக் கூட்டும் வழக்கமும் பழுதுபார்ப்பவர்களிடம் உண்டு. அன்றைக்கு ஓடும். வயதான லேசர் டையோடு ஏற்கெனவே முன்பைவிட அதிக மின்னோட்டம் கேட்டு வாங்கிக்கொண்டிருப்பது. மேலும் கொடுத்தால் சீக்கிரம் எரியும். ஒரே ஒரு வட்டை நகலெடுக்க வேண்டும், வேறு டிரைவே கிடையாது என்ற நிலையில் தவிர இதை நான் ஒப்புவதில்லை.

ஈரம் வட்டையே தின்ற சம்பவமும் உண்டு. மத்திய அமெரிக்காவில் உள்ள பெலீஸ் நாட்டில் இருந்து வந்த ஒரு சிடியில், மாட்ரிட் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஹவியர் கார்சியா கினேயா ஒரு பூஞ்சையைக் கண்டார். அது வெளிவிளிம்பு வழியாகப் புகுந்து அலுமினியப் பூச்சையும் பிளாஸ்டிக்கையும் அரித்துப் பாதை போட்டிருந்தது. 2001-இல் வெளியான செய்தி இது. அந்த வட்டு கிடந்தது வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர். இப்படி அரிக்கப்படுவது அரிது என்றாலும், கேமரா லென்ஸில் பூஞ்சை படரும் ஊர்க்காரர்கள் வட்டுகளையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது நல்லது.

பிழையைத் திருத்தும் கணக்கு

குற்றாலம் கடைவீதியில் டீக்கடைகளிலும் பழக்கடைகளிலும் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையைப் பாருங்கள். சாரலில் நனைந்து, ஒரு மூலை கிழிந்து, எண்ணெய்க் கை பட்டுக் கறுத்திருக்கும். அப்படியும் போன் அதைப் படித்துப் பணத்தைச் செலுத்திவிடுகிறது. கீறல் விழுந்த சிடி பாடுவதும் அதே கணக்கால்தான். 1960-இல் அமெரிக்காவின் எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இருவர் எழுதிய குறியீட்டு முறை அது. தகவலோடு சில கூடுதல் எண்களைச் சேர்த்து அனுப்பினால், வழியில் சில எண்கள் அழிந்தாலும் மிச்சத்தை வைத்து அழிந்தவற்றைக் கணக்கிட்டு மீட்கலாம். யுரேனஸைக் கடந்த வாயேஜர் 2 விண்கலம் படங்களை அனுப்பியதும் இந்த முறையின் துணையோடுதான்.

சிடியில் ஒரு கூடுதல் உபாயம்: அடுத்தடுத்த எண்களைத் தடத்தில் தள்ளித்தள்ளி எழுதுகிறார்கள். ஓரிடத்தில் விழும் கீறல் பல துண்டுகளில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே எடுத்துக்கொள்ளும். தடத்தில் தொடர்ச்சியாகச் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் முற்றும் அழிந்தாலும் ஒரு எண்கூடக் குறையாமல் மீட்டுவிடலாம். வட்டை மையத்தில் இருந்து விளிம்பு நோக்கித் துடைக்கச் சொல்வதன் காரணம் இதில் இருக்கிறது. அப்படி விழும் கீறல் தடத்தைக் குறுக்கே வெட்டும். ஒவ்வொரு சுற்றிலும் சிறு துளி நட்டம். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும். இரண்டரை மில்லிமீட்டர் எல்லையை எளிதாகத் தாண்டிவிடும்.

இப்போது ஒரு புதிருக்கு வருவோம். கல்யாண விசிடி (வீடியோ சிடி), டிவிடி பிளேயரில் போட்டால் அங்கங்கே கட்டம் கட்டமாகச் சிதறினாலும் ஓடுகிறது. அதையே கணினியில் நகலெடுக்கப் போனால் பிழை என்று நின்றுவிடுகிறது. ஏன்? சிடியின் ஒரு பிரிவில் 2352 பைட் இடம். கோப்புகள் எழுதும் வட்டில் அதில் 2048 பைட்தான் தகவல். மீதியில் பெரும்பங்கு இன்னோர் அடுக்குப் பிழைதிருத்தம். ஒரு எழுத்து மாறினாலும் ஒரு நிரல் கெட்டுவிடும் என்பதால் இந்த எச்சரிக்கை. விசிடியை வடிவமைத்தவர்களோ ஒரு கட்டம் சிதறினால் குடி முழுகாது என்று அந்த இரண்டாம் அடுக்கைக் கைவிட்டு 2324 பைட்டையும் படத்துக்கே கொடுத்தார்கள். ஒரு வட்டில் 74 நிமிடம் அடைக்க அது தேவைப்பட்டது. அதனால் விசிடியின் படக்கோப்பு பிழைகளைத் தாங்கி ஓடும்படி எழுதப்பட்டது. கணினியின் நகலெடுப்புக் கட்டளையோ பிழையே கூடாது என்று அடம்பிடிக்கிறது. படிக்க முடியாத பிரிவைத் தாண்டிப் போகத் தெரிந்த மென்பொருளைக் கொடுத்தால் முக்கால்வாசி விசிடிகள் வந்துவிடுகின்றன. ‘சிடி செத்துப்போச்சு’ என்று திருப்பி அனுப்பப்பட்ட எத்தனையோ வட்டுகள் இந்த ஒரு வேறுபாட்டால் வீணாகியிருக்கும்.

சாயமும் ஸ்டிக்கரும்

2007-ஐ ஒட்டி மோசர் பேர் நிறுவனம் தமிழ்ப் பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. பேருந்து நிலையக் கடைகள் வரை அவை வந்தன. அந்த நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் தீர்ப்பாயம் உத்தரவிட்டுவிட்டது. ஆனால் அந்த 28 ரூபாய்ப் பட வட்டு, அதே ஆண்டு ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்த கல்யாண வட்டைவிட நீண்ட நாள் வாழ வாய்ப்பு அதிகம். பட வட்டில் குழி பிளாஸ்டிக்கிலேயே பதிந்தது. எழுதும் வட்டில் குழி கிடையாது. அங்கே இருப்பது ஒரு கரிமச் சாயம். எழுதும் லேசர் அதைச் சுட்டு நிறம் மாற்றுகிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தை மெல்ல வெளுக்க வைக்கும். கார் கண்ணாடி அருகே ஒரு கோடைகாலம் கிடந்த வட்டும் பீரோவில் இருந்த வட்டும் ஒன்றல்ல.

அடுத்த கேடு, மணமக்கள் படம் அச்சிட்டு முழு வட்டையும் மூடி ஒட்டிய காகித ஸ்டிக்கர். அன்பாகச் செய்ததுதான். ஆனால் ஈரத்தில் காகிதம் உப்பி ஒரு பக்கம் கனக்கிறது. 52 மடங்கு வேக டிரைவில் வட்டு நிமிடத்துக்குச் சுமார் 10,000 முறை சுற்றும். சற்றே எடை சாய்ந்தாலும் அதிரும், தடம் தப்பும். அதைப் பிய்க்கவும் முடியாது. தகவல் அடுக்கு அதற்கு அடியிலேயே இருப்பதால் பளபளப்பும் சேர்ந்து உரிந்து வரும். விளிம்பு தூக்கியிருந்தால் மெல்ல அழுத்திப் படியவைத்து, டிரைவின் வேகத்தை மென்பொருளால் குறைத்து ஓட்டுவது ஒன்றே வழி.

மீட்பது எப்படி

வட்டை முதலில் மிதமான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, மென்மையான பருத்தித் துணியால் மையத்தில் இருந்து விளிம்புக்கு ஒற்றி எடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய வட்டை மட்டும் தண்ணீரில் போட வேண்டாம். பற்பசை தேய்ப்பது அடிப்பக்கத்து மெல்லிய கீறலுக்குச் சில நேரம் உதவும். கடைசி முயற்சியாக வையுங்கள்.

பிறகு டிரைவை மாற்றிப் பாருங்கள். ஒரே மாதிரி டிரைவ்கள்கூட ஒரே மாதிரி படிப்பதில்லை. லென்ஸ், லேசரின் வயது, திருத்தும் மென்பொருள் எல்லாம் வேறுபடும். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை மற்றது படித்துவிடும். இந்த வேறுபாட்டையே பயன்படுத்திக்கொள்ளும் இலவச மென்பொருள் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. அது முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் வேகமாக எடுத்துவிட்டு, பிறகு கெட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து சிறுசிறு துண்டாக முயல்கிறது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று வரைபடம் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்த வரைபடத்தோடு வட்டை அடுத்த கணினிக்குக் கொண்டுபோனால் விட்ட ஓட்டைகளை மட்டும் அங்கே நிரப்பும். ஸ்டுடியோவில் அன்று இரண்டு பிரதி கொடுத்திருந்தால், இரண்டுமே பழுதாகியிருந்தாலும், ஒன்றின் ஓட்டையை மற்றதால் அடைக்கலாம். விசிடிக்கு மட்டும் இது போதாது. அதன் பிரிவுகளை உள்ளபடியே படிக்கத் தெரிந்த ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் வேண்டும்.

கடைக்குக் கொடுப்பதானால், முழு நகல் எடுக்கும் வரை வட்டை மெருகேற்றும் இயந்திரத்தில் போட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். அது பிளாஸ்டிக்கைச் சுரண்டியே மெருகேற்றுகிறது.

புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் டிரைவே இல்லை. பதிவு செய்யும் புளூரே வட்டுகளின் உற்பத்தியை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ்கள் இன்று கிடைக்கின்றன. அக்கம்பக்கத்து நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் எல்லோர் வீட்டு வட்டுகளையும் ஒரு சில ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துவிடலாம். அடுத்த சாரல் தொடங்கும் முன், வெயில் காய்ந்து காற்று உலர்ந்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களிலேயே செய்துவிடுங்கள். எடுத்த நகலை இரண்டு இடங்களில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். ஓடாத வட்டையும் தூக்கி எறிய வேண்டாம். உங்கள் டிரைவ் படிக்காததை இன்னொரு வீட்டு டிரைவ் படிக்கக்கூடும்.